கத்தரிக்கோலுக்குக் கீழே மூன்றாவது

எங்கள் குடும்பத்தில் கணினியில் வேலை பார்த்த முதல் ஆள் நான் இல்லை. கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவள் என்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அதைத் திருத்தாமல் இருந்தேன். முதல் ஆள் என் பெரியம்மாவின் மகள். பத்தாவது முடித்த கையோடு ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குப் போனவள். இப்போது அங்கே அவளுக்குப் பெயர் டைப் அக்கா.

மடிக்கும் மேசையிலிருந்து கணினி நாற்காலிக்கு எட்டடி தூரம் இருக்கும். அந்த எட்டடியைக் கடக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. முன்பு டைப் அடித்தவர், மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற சண்டையில் கோபித்துக்கொண்டு ஒரு மதியம் வெளியே போனார். சாப்பிட்டுவிட்டு வருவார் என்று மூன்று நாள் காத்திருந்தார்கள். நான்காம் நாள் ஒரு பல் மருத்துவர் முகவரி அட்டை வேண்டும் என்று வந்து நின்றார். இரண்டு வருடமாகத் தாளை மடித்தபடியே அந்த மனிதரின் கையைக் கவனித்துவந்த அக்கா, "நான் வேணா அடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அடித்ததில் 'பல்' என்ற சொல் மட்டும் மற்றதைவிட மூன்று மடங்கு பெரிதாக விழுந்துவிட்டது. மருத்துவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்று உட்கார்ந்தவள் பதினேழு வருடமாக எழுந்திருக்கவில்லை.

அச்சகத் தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய ஃபாண்ட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்சி. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் 'அன்புடையீர்' இருந்த இடத்தில் பூச்சி மருந்து அடித்த எறும்புகள் மாதிரி ஏதோ சிதறிக் கிடக்கும். ஃபாண்ட் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பெயரும் அதனதன் எழுத்திலேயே தெரியும். ஆங்கிலப் பெயரைத் தமிழ் ஃபாண்ட் வரைந்து காட்டினால் 'ஞளக்ஷவநுடூ' என்று வரும். இப்படி எந்த மொழியிலும் இல்லாத அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் அந்தக் கணினியில் வரிசையாக நின்றன. அதைப் படித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் முடியாது.

அக்கா படித்ததே இல்லை. மவுஸின் சக்கரத்தை ஒரு உருட்டு, ரெண்டு உருட்டு, நிறுத்து, சொடுக்கு. வேண்டிய ஃபாண்ட் வந்து நிற்கும். அவற்றுக்கு அவள் வைத்த பெயர்கள் வேறு: தலைப்புக்குத் தடியன், முகவரிக்கு ஒல்லிப்பிச்சான், சட்ட அறிவிப்புகளுக்கு வக்கீல். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். "இவ வீட்லயும் அப்படித்தான்மா. ஒரு டப்பாவுலயும் பேரு கிடையாது. நான் டீ போட்டா உப்பு டீதான்" என்பார்.

போன மாதம் அச்சகத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழையதுக்கு வயதாகிவிட்டது. காலையில் பட்டனைத் தட்டிவிட்டு அக்கா டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது முழுதாக விழித்திருக்காது. பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, பொறுப்புக்கு வந்த அவருடைய மகன், சின்ன முதலாளி, ஒரே வாரத்தில் புதியதை வாங்கிவிட்டார். பழையதைக் கணினிக் கடைக்காரர் சனிக்கிழமை மாலை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அக்கா அன்று பெரியம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்ததால் என்னை அனுப்பினாள்.

நான் படிப்பை முடித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. இரண்டும் தானாக அனுப்பப்படும் பதில். இதற்கிடையில் சொந்தக்காரர்கள் டிவி ரிமோட், மிக்ஸி என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஒருவர் வாஷிங் மெஷின் நடக்கிறது என்று கூப்பிட்டார். ஆகவே உண்மையான ஒரு கணினி வேலை என்றதும் நான் இண்டர்வியூவுக்குப் போகிற சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "ஃபாண்ட் எல்லாம் அப்படியே வரணும்டி. ஒண்ணு விடாம."

"பத்து நிமிஷ வேலைக்கா."

"பத்து நிமிஷம்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அரை நாள் எடுத்துக்கோ."

உண்மையில் இருபது நிமிடம் ஆனது. ஃபாண்ட்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்தேன், புதியதில் போட்டேன், போட்டதை எண்ணிப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. அத்தோடு கிளம்பியிருந்தால் இதை எழுத ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் கடைக்காரர் வர மூன்று மணி நேரம் இருந்தது. சும்மா இருந்த கை சுவரைச் சுரண்டும் என்பார்கள். என் கை ஃபாண்ட் பட்டியலைச் சுரண்டியது. பாதியில் பார்த்தால் ஒரு கத்தரிக்கோல் படம். கொஞ்சம் தள்ளி ஏரோப்ளேன். பிறகு டெலிபோன், மீன், குடை. வெறும் படங்களாலான குறி ஃபாண்ட்கள், மொத்தம் முப்பத்தெட்டு. ஓர் அச்சகத்துக்கு எதற்கு இத்தனை பொம்மை? யாரோ எப்போதோ தெரியாமல் ஏற்றியது என்று முடிவு கட்டி முப்பத்தெட்டையும் நீக்கினேன். கூடவே, கடைசியாகப் பயன்படுத்திய ஃபாண்ட்கள் பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும்படி ஒரு வசதியையும் போட்டுவிட்டேன். அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

திங்கள்கிழமை நான்கு பள்ளிகளின் தேர்வு வினாத்தாள் வேலை வந்து நின்றது. இருபத்துமூன்று தாள், புதன் மாலை ஐந்து மணிக்கு வண்டி. அக்கா புதுத் திரையைப் பார்த்து, "முகம் பாத்து பொட்டு வச்சுக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள். நானும் பாராட்டு வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு உருட்டு உருட்டினாள். நிறுத்தினாள். மேலே போனாள். கீழே வந்தாள். ஒன்றைச் சொடுக்கினாள், ஏழாம் வகுப்பு அறிவியல் எறும்புகளாகச் சிதறியது. அதை விட்டுவிட்டு மறுபடி பட்டியலைத் திறந்தால், அந்தத் தப்பான ஃபாண்ட் நான் செய்துவைத்த வசதியின்படி உச்சியில் ஏறி நின்று வரவேற்றது. மற்றதெல்லாம் ஒரு படி இறங்கியிருந்தது.

"என்னாச்சுக்கா?"

"தெரியலடி. யாரோ தெருவையே மாத்தி வச்ச மாதிரி இருக்கு."

மதியத்துக்குள் நாலைந்து தாள் முடிக்கிறவள் அன்று ஒன்றுதான் முடித்தாள். உள்ளே அச்சு இயந்திரத்தை ஓட்டும் மெஷின் அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "என்னம்மா டைப்பு, ஒண்ணும் வரக் காணோம்? மெஷின் கொட்டாவி விடுது."

அவருக்குப் பின்னால் சின்ன முதலாளியும் தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். அவர் அக்காவைவிடப் பத்து வயது சிறியவர், மரியாதையாகத்தான் பேசுவார். மரியாதையாகப் பேசுகிறவர்கள் சொல்வதுதான் ஆழமாக இறங்கும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புதுசு உங்களுக்குச் சரிப்பட்டு வரலன்னா பரவாயில்ல. எதிர்ல இருக்கற டிசைன் கடைல குடுத்து வாங்கிக்கலாம். நீங்க பழையபடி மடிக்கற பக்கம் பாத்துக்கங்க. கண்ணுக்கும் நல்லது."

"பண்ணிடலாம் தம்பி."

"புதன்கிழமை வண்டி வர வரைக்கும் பாப்போம். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

அவர் போனதும் அக்கா மடிக்கும் மேசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பசைக் கிண்ணம், மடிப்பை அழுத்தித் தேய்க்கும் எலும்புக் கத்தி, தலைக்கு மேல் ஒற்றை விளக்கு. திரைப்பக்கம் திரும்பி, "கத்தரிக்கோல் எங்கடி?" என்று கேட்டாள்.

நான் ஓடிப்போய் மடிக்கும் மேசையிலிருந்து எடுத்து வந்து நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது எதுக்குடி? லிஸ்ட்ல இருக்குமே கத்தரிக்கோலு. அதுக்குக் கீழ மூணாவது ஒல்லிப்பிச்சான். ஏரோப்ளேன் தாண்டி அடுத்த ஆளு தடியன். டெலிபோன் வந்தா வக்கீல் வீடு நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். எல்லாம் எங்க போச்சு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறுநூறு பேர் முகமூடி போட்டு நிற்கிற தெருவில் அவள் ஆட்களைத் தேடவில்லை. நடுநடுவே நிற்கும் அடையாளக் கற்களைப் பார்த்து நடந்திருக்கிறாள். நான் குப்பை பொறுக்குவதாக நினைத்து அத்தனை கற்களையும் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "புது கம்ப்யூட்டர்ல அந்த மாதிரியெல்லாம் வராதுக்கா."

"ஓ," என்றாள் அக்கா. நம்பிவிட்டாள். படித்தவள் சொன்னால் நம்புவதுதான் எங்கள் குடும்ப வழக்கம். அவள் நம்பியதுதான் என்னை அரித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்தேன். வேலை கிடைக்காத ஒன்பது மாதமும் என்னிடம் இருந்த ஒரே சொத்து, 'இவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்' என்ற பேச்சுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய நாற்காலியைக் கொடுத்துவிடலாமா? கேள்வியை இப்படித் தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகும் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கணக்குத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "இங்க பாருடி, கோணக் குறி இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் இங்கிலீஷ் எழுத்து நிக்குது. பிள்ளைங்க எதை அளப்பாங்க?"

"அக்கா, நான்தான் அழிச்சேன்."

"எதை?"

"கத்தரிக்கோலு, ஏரோப்ளேன், எல்லாத்தையும். கணக்குக் குறி இருந்த ஃபாண்டும் அதுலதான் போயிருக்கு. தேவையில்லாததுன்னு நெனச்சேன்."

"யாருக்குத் தேவையில்ல?"

நான் பையிலிருந்து பென் டிரைவைத் தேடி எடுத்தேன்.

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுடுவியோன்னு..."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "முப்பத்தெட்டைக் கொன்னுருக்க. ஒண்ணாவது உன்னைப் பாத்துக் கெஞ்சலயாடி? அந்த மீனு கூடவா?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் அழ, அவள் சிரிக்க, மெஷின் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, கேள்வித்தாள் அவ்வளவு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பென் டிரைவில் எல்லாம் பத்திரமாக இருந்தது. முப்பத்தெட்டையும் திரும்ப ஏற்றினேன். உச்சியில் ஏறும் வசதியை எடுத்துவிட்டேன். கோணங்கள் திரும்பி வந்தன. ஆனால் தெரு திரும்பவில்லை. புதுக் கணினி தன் பங்குக்கு இருநூறுக்கு மேல் ஃபாண்ட் கொண்டுவந்திருந்தது. அவை எல்லாம் பெயர் வரிசையில் இடையிடையே புகுந்து உட்கார்ந்துவிட்டன. கத்தரிக்கோலுக்குக் கீழே மூன்றாவதாக இருந்த ஒல்லிப்பிச்சான் இப்போது பதினொன்றாவது. ஏரோப்ளேனுக்கும் தடியனுக்கும் நடுவில் ஒரு குடியிருப்பே முளைத்திருந்தது. அவற்றில் பலவற்றை நீக்கக் கணினி சம்மதிக்கவில்லை.

என் படிப்பு அப்போது தலைதூக்கியது. "எல்லா ஃபாண்டுக்கும் நீ வச்ச பேரையே உள்ள மாத்திடலாம்க்கா. தடியன், வக்கீல்னு நீ படிக்கிற மாதிரியே வரும். அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு."

"மாத்தினா பழைய ஃபைலெல்லாம் தொறக்குமா?"

தொறக்காது. பழைய கோப்புகள் ஒவ்வொன்றும் தன் ஃபாண்டைப் பழைய பெயரில்தான் தேடும். பெயர் மாறினால் பதினேழு வருட வேலையும் எறும்பு. அதைச் சொன்னேன். இந்த முறை உடனே சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தாள். "இந்த லிஸ்ட் பேர வச்சுத்தான வரிசை கட்டுது?"

"ஆமா."

"கத்தரிக்கோலுக்குப் பேர மாத்தினா அது நகருமா?"

"நகரும்."

"கத்தரிக்கோல்ல நான் எந்த ஃபைலும் அடிக்கல. கணக்குக் குறி ஒண்ணத் தவிர எந்தப் பொம்மையிலயும் அடிக்கல. அப்புறம் என்ன? கல்லுதான எடம் மாறிப் போச்சு, கல்லைத் தூக்கி நடுடி. நீ ஏன் வீட்டையெல்லாம் இடிக்கற?"

நான்கு வருடம் படித்ததில் இப்படி ஒரு வாக்கியம் எந்தத் தேர்விலும் எனக்குத் தோன்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அச்சகம் திறந்ததும் கல் நடும் வேலையைத் தொடங்கினோம். அக்கா நிஜமாகப் பயன்படுத்துவது நாற்பது ஃபாண்ட்தான். மீதி ஐந்நூறும் எதற்கு என்று கேட்டேன். "கூட்டத்துக்கு" என்றாள். ஒவ்வொரு முக்கியமான ஃபாண்டின் உண்மைப் பெயரையும் நான் தேடி எடுப்பேன்; அதற்கு நேர் மேலே வந்து விழும்படி ஒரு பொம்மைக்குப் பெயர் மாற்றுவேன். எந்தப் பொம்மை என்பது மட்டும் அவள் முடிவு. அதில்தான் நேரம் போனது.

"தடியனுக்கு ஏரோப்ளேன் வேண்டாம்டி. அவன் கனத்துக்கு அது தாங்காது. யானை இருக்கா?"

"யானை இல்ல. பஸ் இருக்கு."

"பஸ்ஸ வை. வக்கீலுக்கு என்ன?"

"பேனா?"

"வக்கீலு ஃபாண்டுல வந்த எந்தக் கடுதாசியாவது நல்லதுக்கு வந்திருக்கா? தேளு இருந்தா குடு."

ராசிக் குறிகளில் தேள் இருந்தது. வைத்தேன். குழந்தைகள் பிறந்தநாள் எழுத்துக்குக் குடை, பள்ளித் தலைப்புக்கு மணி. முப்பத்தேழு கல் நட்டு முடித்தபோது மணி பன்னிரண்டு. மூன்று ஃபாண்டுக்குக் கல் போதவில்லை. "அதுங்க பக்கத்து வீட்டுக்காரங்க, கேட்டா சொல்லுவாங்க" என்றாள். பிறகு ஒரு முறை மேலிருந்து கீழே மெதுவாக உருட்டிப் போனாள், புது வீட்டில் சுவிட்சுகளைப் பழகிக்கொள்கிற மாதிரி. இரண்டாவது முறை கொஞ்சம் வேகமாக. மூன்றாவது முறை திரையைப் பார்க்காமல் என்னிடம், "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே தடியனில் வந்து நின்றாள்.

செவ்வாய் ராத்திரி வரை உட்கார்ந்ததில் பதினைந்து தாள். புதன் மதியத்துக்குள் பத்தொன்பது. மெஷின் கொட்டாவியை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தது.

சின்ன முதலாளி வந்து அடுக்கைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம், கொஞ்சம் குழப்பமும். "எப்படிக்கா சரியாச்சு?"

"இவதான் தம்பி உக்காந்து பண்ணிக் குடுத்தா" என்றாள் அக்கா. செய்த கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்கல்ல? வேலை தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்களே இந்த சீட்டுக்கு வந்துடுங்களேன். அக்காவும் பாவம், எத்தனை வருஷமா முதுகு வலிக்க உக்காந்திருக்காங்க. மேற்பார்வை மாதிரி மடிக்கற பக்கம் இருக்கட்டும்."

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். அரை நிமிடம் மறுக்கவில்லை. அந்த அரை நிமிடத்தில் 'என் மகளுக்கு வேலை கிடைச்சிடுச்சு' என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது காதில் கேட்டது. முப்பத்திரண்டாவது விண்ணப்பத்தை எழுத வேண்டியதில்லை என்ற நிம்மதி வந்து போனது. அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. ஆனால் விசைகளின் சத்தம் மெதுவானது. நான் யோசிப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

"எனக்குத் தமிழ் டைப் வராது சார்" என்றேன்.

"அதெல்லாம் ரெண்டு நாள்ல வந்துடும். படிச்சவங்களுக்கு என்ன?"

அக்கா எழுந்துகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை; கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவளின் உபசாரம் இருந்தது. "உக்காருடி. தம்பி ஆசைப்படறாரு. எட்டாம் வகுப்பு வரலாறு, அரைப் பக்கம்தான்." கைப்பிரதியை என் முன்னால் வைத்துவிட்டு மடிக்கும் மேசைக்குப் போய், அச்சான தாள்களைக் கட்டுக் கட்டத் தொடங்கினாள்.

நாற்காலியை என் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். விசைப்பலகையில் இருந்தவை ஆங்கில எழுத்துகள் மட்டும். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது அக்காவின் விரல்களில் இருந்தது. விரல்கள் எட்டடி தள்ளி நூல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்து எழுத்தைப் பிடித்தேன். 'சோழர்' என்பதில் ழகரம் கிடைக்கவில்லை. சின்ன முதலாளி குனிந்து உதவிக்கு வந்தார். "அந்த மூலைல இருக்குமோ?" அந்த மூலையில் இல்லை. "ஷிப்ட் போட்டு?" ஷிப்ட் போட்டும் இல்லை. இரண்டு படித்தவர்கள் தலையோடு தலை முட்ட ஒரு ழகரத்தைத் தேடினோம். இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு வரி.

மெஷின் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். "தம்பி, இந்தப் பேப்பரு இந்த வருஷப் பரீட்சைக்கா, அடுத்த வருஷத்துக்கா?"

சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மடிக்கும் மேசைவரைக்கும் நடந்தார். "அக்கா, நீங்களே வந்து உக்காந்துடுங்க."

"எங்க தம்பி?"

"உங்க சீட்லதான்கா."

"இந்தக் கட்டை முடிச்சுட்டு வரேன். பாதில விட்டா எண்ணிக்கை போயிடும்."

அவர் காத்திருந்தார். அக்கா அவசரமே இல்லாமல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு வந்தாள். நான் எழுந்து நின்றேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. இடுப்பால் லேசாக ஓர் இடி இடித்துத் தள்ளினாள். எங்கள் வீட்டில் மன்னித்தாயிற்று என்பதற்கு அதைவிட நீளமான வாக்கியம் கிடையாது.

உட்கார்ந்ததும் என் நான்கு வரியையும் ஒரே அழுத்தில் அழித்தாள். "பனைமரம் மாதிரி ஏத்தி வச்சிருக்கா, கால் எட்டல" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிக்கு அடியிலிருந்த பிடியைத் தூக்கினாள். நாற்காலி பெருமூச்சு விட்டபடி மெல்ல இறங்கத் தொடங்கியது. அது கீழே வந்து நிற்பதற்குள் அக்கா முதல் கேள்வியை அடித்து முடித்திருந்தாள்.